ஏழாம் வளைவில் விரிசல்

செப்டம்பர் 14, திங்கள்

நேற்று மாலை மழை. காலையில் மூடாப்பு. மொபெட்டில் மலைக்கு. வடக்கனந்தல் வீட்டிலிருந்து ஏழாம் வளைவு வரை ஒரு மணி நேரம். பிளக் நனைந்து இரண்டு தடவை நின்றது. புடவை முழங்கால் வரை சேறு.

மேஸ்திரி குப்புசாமி சொன்னது சரிதான். ஏழாம் வளைவில் சாலைக்கு மேல்புறம் விரிசல். சாலையில் நின்றால் தெரியாது. ஏறிப் போனோம். சரிவின் தலைமாட்டில், சாலையின் போக்கிலேயே, பஸ் நீளத்துக்கு இரண்டு பங்கு மண் பிளந்து கிடக்கிறது. குடையை உள்ளே விட்டேன். கைப்பிடி வரை போயிற்று.

"காஞ்ச வெடிப்புனு நெனச்சேன் மேடம். இது வேற மாரி கீது."

வேறு மாதிரிதான். பார்த்தவை:

– சரிவின் அடி, சுவர் மாதிரி செங்குத்து. போன வருடம் அகலப்படுத்த வெட்டியது. தாங்குசுவர் கிடையாது.
– அடியில் கசிவு. தண்ணீர் கலங்கல். உள்ளே மண் கரைகிறது.
– மேலே இரண்டு மரம் சாலைப் பக்கம் சாய்ந்து.
– விரிசலுக்கு மேலே ஒரு நெல் வயல். அதன் வாய்க்கால் கரை உடைந்து, தண்ணீர் நேரே விரிசலுக்குள்.

விரிசலின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்தேன். இடைவெளி 60 செ.மீ. இது கூடினால் சரிவு நகர்கிறது என்று அர்த்தம்.

நெடுஞ்சாலைத் துறை ஆபீசில் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். கேட்டவை: புல்டோசர், மணல் மூட்டை, பத்து ஆள். அதுவரை பஸ், லாரி நிறுத்தம். மேலதிகாரி ஏ.டி.இ. சார் கண்ணாடியைக் கழற்றாமலே படித்தார்.

"எஸ்தர், மலைன்னா மண்ணு சரியத்தாம்மா செய்யும். மழை விட்டா நின்னுடும். பாக்கலாம்."

அவருடைய "பாக்கலாம்" எனக்குத் தெரியும். ஒன்றரை வருடமாகத் தெரியும்.

மண்ணெண்ணெய் தீர்ந்தது. வீட்டுக்காரர் ஜே.விடம் சொல்ல வேண்டும்.

செப். 16, புதன்

வெயில், மாலையில் தூறல். இடைவெளி 61.5.

வயல்காரியைப் பார்த்தேன். சின்னப்பொண்ணு. ஐம்பது வயதிருக்கும். தனி ஆள், மகளைக் கரியாலூரில் கட்டிக்கொடுத்தாயிற்று. வயலுக்குப் பக்கத்திலேயே வீடு. வாய்க்காலை அடைத்து, தண்ணீரை அந்தப் பக்க ஓடைக்குத் திருப்பச் சொன்னேன்.

"கதிரு வர்ற நேரத்துல தண்ணிய நிறுத்துன்ற. அப்பறம் இன்னாத்த திங்கறது?"

கரை சரிந்தால் வயலும் போகும் என்றேன். கீழே பஸ் போகிறது என்றேன். களையைப் பிடுங்கிக்கொண்டே கேட்டாள். நிமிரவில்லை.

"ரோடு பெருசா வேணும்னு நானா கேட்டேன்? போன வருசம் இந்த மண்ண வெட்டச்சொல்ல நீதான டேப்ப புடிச்சிகினு நின்ன? அப்ப எங்கம்மா போச்சு இந்த புத்தி?"

குப்புசாமி அதட்டப் போனார். வேண்டாம் என்றேன். அவள் சொன்னது உண்மை. வரைபடத்தில் சுவர் இருந்தது. சுவர் அடுத்த கட்டத்தில் என்றார்கள். அடியை வெட்டிவிட்டு அடுத்த கட்டம் என்று ஒன்று வருமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அளந்தேன், அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டேன். புது வேலை, பெண் பிள்ளை, முந்திரிக்கொட்டை என்று பெயர் வாங்க வேண்டாம் என்று இருந்தேன்.

இறங்கும்போது கால் சறுக்கி உட்கார்ந்தேன். செருப்பு வார் அறுந்தது.

நாளை முதல் ஒரு வாரம் சாலை மறியல். இட ஒதுக்கீடு கேட்டு. கச்சிராயபாளையம் சுவரெல்லாம் எழுத்து. கடைக்காரர்கள் அரிசி மூட்டையை உள்ளே ஏற்றுகிறார்கள்.

செப். 17, வியாழன்

வெயில். விடியும் முன்பே மரம் விழும் சத்தம். ஊர் முனையில் இரண்டு புளியமரம், சாலைக்குக் குறுக்கே. அதற்கு அப்பால் எத்தனை என்று தெரியாது. போன் இல்லை. பால் இல்லை. பேப்பர் இல்லை. ஜே.வுக்குப் பாடம் நடத்தப் பள்ளிக்கூடம் இல்லை. முகத்தில் சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

பஸ் இல்லை. அது ஒன்றுதான் நல்லது. ஏழாம் வளைவில் இன்று யாரும் போக முடியாது. நான் கேட்ட சாலை மூடலை மறியல்காரர்கள் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

செப். 18, வெள்ளி

ஆபீஸ் ஜீப் வயல்வரப்பு சுற்றி வந்து சொல்லிவிட்டுப் போனது. என்னைப் போன்ற எல்லா ஜூனியர் இன்ஜினியர்களும், எல்லா ரோடு ஆட்களும் மரம் அகற்றும் வேலைக்கு. போலீஸ் காவலோடு. என் ஆட்கள் ஏழு பேரும் போய்விட்டார்கள். மலை வேலைக்கு ஒருவரையாவது விடுங்கள் என்று எழுதி டிரைவரிடம் கொடுத்தேன். பதில் வராது.

பகல் முழுக்க வெயிலில் நின்று மரம் எண்ணினேன். ஆயுதம்: நான்கு கோடரி, ஒரு ரம்பம். ஒன்றை அறுத்து உருட்டுவதற்குள் பின்னால் ஒன்று விழுகிறது.

குப்புசாமி ரம்பத்தை விட்டு உட்கார்ந்து சிரித்தார்.

"காலைல என் மச்சான் வெட்டறான். மத்தியானம் நான் அறுக்கறேன். ஒரே குடும்பத்துக்கு ரெண்டு வேலை மேடம்."

அவருடைய பெண் நர்ஸ் படிப்புக்கு இரண்டு வருடமாக மனு போடுகிறாள். கிடைக்கவில்லை.

"மரம் போனது எனக்கும் கஷ்டமாதான் கீது. எங்கப்பன் தண்ணி ஊத்தின மரம். ஆனா கேட்டு கேட்டு பாத்தாச்சே மேடம். யார் காதுல வுயுது?"

கேட்டுக் கேட்டுப் பார்ப்பது எனக்கும் தெரியும்.

பக்கத்துத் தாலுகாவில் துப்பாக்கிச் சூடு என்று பேச்சு. எத்தனை பேர் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

செப். 20, ஞாயிறு

நேற்றும் முந்தாநாளும் மலைப் பக்கம் மின்னல். பயந்துகொண்டே இருந்தேன். கோயிலுக்குப் போகவில்லை. ஜே.வையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மரம் வந்த இடமெல்லாம் இரண்டு பேரும் மொபெட்டைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். பதினோரு தடவை.

"கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருந்தா பயில்வான் மாப்பிள்ளையா பாத்திருப்பாங்க" – ஜே.

இடைவெளி 66. ஒரு முளை சாய்ந்திருந்தது.

எங்களால் முடிந்தது: மண்வெட்டியால் களிமண் வெட்டி விரிசலில் போட்டு மிதித்து அடைப்பது. மேல் தண்ணீர் உள்ளே இறங்காமல் இருந்தாலாவது கொஞ்ச நாள் தாங்கும். ஜே. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு. இரண்டு மணி நேரத்தில் கால்வாசிகூட அடையவில்லை. வாய்க்கால் தண்ணீர் போட்ட களிமண்ணைக் கரைத்துக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, மண்வெட்டியை வீசினேன்.

சின்னப்பொண்ணு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் அவளுடைய மண்வெட்டி. வாய்க்காலின் தலைப்பில் போய் நின்று, கரையை வெட்டி, தண்ணீர் முழுவதையும் ஓடைக்குத் திருப்பினாள். பிறகு வந்து எங்களோடு மண் மிதித்தாள்.

நன்றி சொல்லப் போனேன்.

"ஒனக்காவ வெட்டல. அந்த ஆளு மேஷ்டரு வேலைக்கு பொறந்தவரு, வெயில்ல கெடந்து வேகறாரேனு வெட்டினேன்."

கிளம்பும்போது பயிரைத் தடவிப் பார்த்துச் சொன்னாள்: "பாதி தேறினா ஜாஸ்தி."

ஜே.வுக்கு உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். தேங்காய் எண்ணெய் போட்டேன்.

செப். 23, புதன்

மறியல் இன்றோடு முடிவு. மூன்று நாளாக மலைக்குப் போக முடியவில்லை, மரம், மரம், மரம். கனவிலும் ரம்பம்.

மாலை ஆபீசில் சாரைப் பார்த்தேன். நாளை முதல் பஸ். ஏழாம் வளைவை மட்டும் மூடி வையுங்கள், புல்டோசர் வரும் வரை என்றேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"ஒரு வாரம் கழிச்சு நாளைக்குத்தான் பஸ் ஓடப்போகுது. மலைல உப்பு இல்லை, மருந்து இல்லைன்னு கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆள் மேல ஆள். இப்பப் போயி ரோட்டை மூடுன்னா நம்மளையும் மறியல்காரங்கன்னு சொல்லுவாங்க."

"ஆறு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கு சார்."

"சென்டிமீட்டர்தானேம்மா?"

செப். 24, வியாழன்

காலையிலிருந்து தூறல். ஆறரைக்கு ஏழாம் வளைவில். குப்புசாமி சொல்லாமலே வந்திருந்தார். இடைவெளி 73. அடியில் பொடிக்கற்கள் தானாக உதிர்கின்றன. நின்று கேட்டால் சத்தம் கேட்கிறது.

செய்தேன். யாரையும் கேட்கவில்லை. வளைவுக்குக் கீழே, சாலைக்குக் குறுக்கே, ஓரத்துக் கற்களை உருட்டி வைத்தோம். நான், குப்புசாமி, சின்னப்பொண்ணு. ஒரு வாரம் சாலையைத் திறந்துவிட்டு இன்று நானே மறிக்கிறேன்.

எட்டரைக்குப் பஸ். மேற்கூரையிலும் ஆள். டிரைவர் ஏழுமலை, வெள்ளிமலை வழியில் நெடுநாள் ஓட்டுபவர். ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"இன்னா மேடம் இது? அவங்க முடிச்சாங்க, நீங்க ஆரம்பிச்சிட்டீங்களா?"

பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு குரல்: "எந்த கட்சி நீ?"

மூட்டையோடு இருந்த ஒருவர் கல்லை உருட்டவே வந்துவிட்டார். ஏழுமலையை மட்டும் கூப்பிட்டேன். "அஞ்சு நிமிஷம். மேல வந்து பாருங்க. அப்புறமும் போறேன்னா நானே கல்லை எடுக்கிறேன்."

ஏறி வந்தார். விரிசல் ஓரம் குந்தி, கையைத் தோள் வரை உள்ளே விட்டுப் பார்த்தார். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கீழே நிற்கும் பஸ்ஸையே பார்த்தார்.

"எத்தினி நாளா இதுக்கு கீழ போய்க்கினு வந்துகினு இருக்கோம்?"

"வெடிச்சு ரெண்டு வாரமாவது இருக்கும்."

"ஒரு பய சொல்லலியே."

வழி கண்டுபிடித்தது அவர்தான். மறியலுக்கு முந்தின நாள் மேலே போன பஸ் இன்னும் வெள்ளிமலையில் நிற்கிறது. அது இறங்கி வளைவுக்கு அந்தாண்ட நிற்கட்டும். இது இந்தாண்ட. ஜனங்கள் நடந்து மாறிக்கொள்ளட்டும். யாரோ சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். குப்புசாமி விசிலோடு சரிவைப் பார்த்து நின்றார். ஐந்து ஐந்து பேராக நடக்கவைத்தேன். திட்டிக்கொண்டே நடந்தார்கள். ஒரு கிழவர் மட்டும் நடு வழியில் நின்று வெற்றிலை துப்பினார். குப்புசாமி கத்திய கத்தலில் ஓடினார்.

ஒரு மணிக்கு ஏ.டி.இ. சார், ஜீப்பில், இரண்டு போலீஸ்காரர்களோடு.

"யாரைக் கேட்டு ரோட்டை மறிச்சே?"

மேலே வந்து பாருங்கள் சார் என்றேன். சேறாக இருக்கிறது என்றார். கல்லை எடுக்கச் சொன்னார். போலீஸ்காரர்கள் எடுத்தார்கள். அவர் ஜீப் ஏழாம் வளைவைத் தாண்டவில்லை. அங்கேயே திருப்பிக்கொண்டு இறங்கினார். அதைக் குறித்து வைக்கிறேன்.

செப். 25, வெள்ளி

மெமோ. "முன் அனுமதியின்றிப் பொதுப் போக்குவரத்துக்கு இடையூறு." மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். தட்டச்சு செய்தவர் என் பெயரை எஸ்தார் என்று அடித்திருக்கிறார்.

புல்டோசர் திங்கட்கிழமை வருமாம். மழை திங்கட்கிழமை வரை காத்திருக்குமா?

ஜே.: "இனிமே மலைக்குப் போவாத. எழுதிக் குடுத்துட்ட, உன் பேர்ல தப்பில்ல." சாப்பிடாமல் எழுந்தேன். தப்பு யார் பேரில் என்பதா இப்போது முக்கியம்?

செப். 26, சனி

பஸ்கள் ஓடுகின்றன. ஏழுமலை மட்டும் வளைவுக்கு முன் நிறுத்தி, எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டு, காலிப் பஸ்ஸை ஓட்டி அந்தாண்ட ஏற்றிக்கொள்கிறாராம். காலிப் பஸ்ஸும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். "நேரத்துக்கு போவலன்னா டெப்போல என்னத்தான் திட்டறாங்க, மேடத்துக்கு சொல்லு" என்றாராம். மற்ற டிரைவர்கள் நிறுத்துவதே இல்லை.

குப்புசாமி அளந்து சொன்ன இடைவெளி 79.

செப். 27, ஞாயிறு

பகலெல்லாம் மழை. எழுத எதுவும் இல்லை. ஜன்னலருகே.

செப். 28, திங்கள்

சரிந்துவிட்டது.

காலை ஏழே கால். ஏழுமலையின் பஸ், கீழே இறங்கும் நடை. ஜனங்களை இறக்கி நடக்கவிட்டிருக்கிறார். எல்லோரும் இந்தப் பக்கம் வந்து சேர்ந்து, பஸ்ஸுக்காக நின்றிருக்கிறார்கள். அவர் தனியாக ஓட்டி வரும்போது மொத்தச் சரிவும். பின்பாதி புதைந்து, பஸ் பக்கவாட்டில் தள்ளப்பட்டு, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றிருக்கிறது. ஜனங்களே கண்ணாடியை உடைத்து அவரை வெளியே எடுத்திருக்கிறார்கள். இடது கால் இரண்டு இடத்தில் முறிவு.

வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை. எழுதிப் பார்த்தேன், மறுபடியும்.

சின்னப்பொண்ணின் வயல் முழுவதும் போயிற்று. வீடு நிற்கிறது, வாசல் இல்லை.

மாலை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. ஏழுமலை மாவுக்கட்டோடு. மனைவி விசிறிக்கொண்டிருந்தார்.

"காலியாகூட எடுக்காதேனு சொன்னீங்க. கேட்டிருக்கணும். கம்மி தூரம்தான, ஒரு மிதி மிதிச்சா தாண்டிடலாம்னு நெனச்சேன்."

"ஜனங்களை இறக்கினீங்களே."

"அது வேற ஆளுங்க உசுரு மேடம். இது நம்ம உசுருதானனு நெனச்சிட்டேன்."

அவருடைய மனைவி விசிறியை நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

செப். 30, புதன்

வெயில். சுள்ளென்று.

காலை பதினொன்றுக்கு சார் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். முதல் தடவையாக டீ. மெமோவை மறந்துவிடலாம் என்றார். சரிவு பற்றிய அறிக்கை தயாராக இருந்தது, என் கையெழுத்துக்கு. படித்தேன்.

"மேற்படி இடத்தில் விவசாயி ஒருவர் விதிமுறை மீறி நீர் பாய்ச்சியதால், விரிசல் வழியே நீர் இறங்கி மண்சரிவு ஏற்பட்டது."

கீழே ஆதாரமாக 14-ஆம் தேதி நான் கொடுத்த குறிப்பு. என் வார்த்தைகளே. அடியை வெட்டியது பற்றிய வரி மட்டும் இல்லை. சுவர் பற்றிய வரி இல்லை. அவள் வாய்க்காலை அடைத்தது இல்லை.

"அந்தம்மா சரியறதுக்கு எட்டு நாள் முன்னாடியே தண்ணியை நிறுத்திட்டாங்க சார். அவங்க பயிரைக் காய விட்டு நிறுத்தினாங்க."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"எஸ்தர், அடியை வெட்டினதாலன்னு எழுதினா அளவுப் புத்தகம் கேப்பாங்க. அதுல யாரு கையெழுத்து? மொத மாட்டறது நீதான். நான் உனக்காகத்தான் சொல்றேன்."

எனக்காகத்தான். டீ ஆறிப்போனது. கையெழுத்துப் போடவில்லை.

கழிப்பறையில் போய் முகம் கழுவிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பயந்த முகம். போன வருடமும் இதே முகம்தான் இருந்திருக்கும்.

அக்டோபர் 1, வியாழன்

விடியற்காலையில் எழுந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம். காரணங்கள், வரிசையாக:

1. தாங்குசுவர் இல்லாமல் சரிவின் அடி வெட்டப்பட்டது. அளந்து கையெழுத்திட்டது நான்.
2. மேலே மழைநீர் வடிய வாய்க்கால் அமைக்கப்படவில்லை.
3. எச்சரிக்கைக்குப் பிறகும் போக்குவரத்து அனுமதிக்கப்பட்டது.
4. விவசாயி, நான் கேட்டதன் பேரில், சரிவுக்கு எட்டு நாள் முன்பே பாசன நீரை நிறுத்திவிட்டார். வயலை முழுமையாக இழந்துள்ளார். நிவாரணம் தர வேண்டும்.

ஜே. படித்தார். முதல் எண்ணை இரண்டு தடவை படித்தார். "வேலை போயிடுமா?" தெரியாது என்றேன். "ஒற்றுப்பிழை ஒண்ணு இருக்கு" என்று திருத்திக் கொடுத்தார்.

சாரிடம் கொடுக்கவில்லை. நேரே தபால் பிரிவில். குமாஸ்தா முழுவதும் படித்தார், என்னைப் பார்த்தார், மறுபடி முதல் பக்கத்தைப் பார்த்தார். முத்திரை குத்தி எண் போட்டார்.

அங்கிருந்து மலைக்கு. புல்டோசர் வந்துவிட்டது, மூன்று நாள் முன்பு வந்திருக்க வேண்டியது. சாலையில் குவிந்த மண்ணை அடித்துப் பள்ளத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. சின்னப்பொண்ணு ஓரத்தில் ஒரு கல் மேல் உட்கார்ந்திருந்தாள். எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

"எழுதினா வயலு வருமா?"

"நிவாரணம் கேட்டிருக்கேன். வயல் வராது."

"நீ சொன்னதுக்கு நான் கேட்டேன். ஒங்க ஆபீசரு கேக்கல. போனது எனுது."

பக்கத்தில் நின்றேன். புல்டோசரைக் கை காட்டினாள்.

"அந்த கறுப்பா கீது பாரு, அது என் வயலு மண்ணு. எரு போட்டு எரு போட்டு செஞ்ச மண்ணு. அத்த ஏன் பள்ளத்துல தள்றான்? என் வூட்டாண்ட கொட்டச் சொல்லு. இன்னொரு எடத்துல பரப்பிக்கறேன்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வாரமாக அது எனக்கு வெறும் சரிவு மண்.

குறுக்கே போய்க் கையைக் காட்டினேன். டிரைவர் நிறுத்தினார்; என்ஜினை அணைக்கவில்லை. இனி இந்தக் கறுப்பு மண்ணைத் தனியாக ஒதுக்கி மேலே அந்த வீட்டுப் பக்கம் ஏற்ற வேண்டும் என்றேன்.

"யாரு ஆர்டரு மேடம்?"

"என் ஆர்டர்" என்றேன்.

என் கடிதம் சார் கைக்குப் போகும் வரை, நாளை காலை வரை, அது செல்லும். அதற்குள் எத்தனை நடை ஏற்றலாம் என்று குப்புசாமியைக் கேட்டேன்.